முப்பத்தேழுக்கு நேராக ‘ஓகே’

5 செப்டம்பர் 2007, புதன்

மாலையில் பட்டியலைப் புதுப்பித்ததும் 112க்கு நேராக என்.ஏ. என்று வந்து நின்றது. நேற்று மாலை வரை ஒழுங்காக இருந்த வரி. எண்ணைத் தேடி எடுக்கும் ஃபார்முலாவான வீலுக்கப்பை எழுதிய கட்டத்தைத் தட்டிப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தரம் பார்க்கும் க்யூ.சி. அறைக்குப் போய் ஜெரால்ட் சாருடைய கோப்பைத் திறந்தால், மனுஷன் 112க்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் தட்டி வைத்திருக்கிறார். நம் கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு அது வேறு எண். இல்லாத எண்ணை எங்கே போய்த் தேடும்?

“சார், உங்க கட்டைவிரல கொஞ்சம் கட்டிப் போடுங்க” என்றேன்.

“உன் ஃபார்முலாவுக்கு இவ்ளோ கொழுப்பு ஆவாதும்மா” என்றார்.

ராத்திரி சோறு போடும்போது உம்மா கேட்டாள், அங்கே இன்னாதான் பண்றே என்று. கும்மிடிப்பூண்டிக்குப் போக ஆரம்பித்து ஒன்றரை வருஷம் கழித்துக் கேட்கிறாள். சொன்னேன்: ஷெட்டில் நூற்று நாற்பது ஸ்லிங் இருக்கிறது, கிரேன் கொக்கியில் மாட்டி இரும்புக் கட்டைத் தூக்கும் கம்பி வடம். ஒவ்வொன்றிலும் எண் அடித்த தகடு. ஜெரால்ட் சார் சோதித்துப் பார்த்துத் தன் கோப்பில் ஓகே அல்லது ரிஜெக்ட் என்று போடுவார். என் கோப்பு அவர் கோப்புக்குள் போய் அதை எடுத்து வந்து என் பட்டியலில் வைக்கும். காலை ஏழே முக்காலுக்கு அதை பிரின்ட் எடுத்து ஸ்லிங் தொங்கும் ஸ்டாண்டில் மாட்டுவேன். எட்டு மணி ஷிப்டுக்கு வருகிறவர்கள் தாளைப் பார்த்து எடுப்பார்கள்.

“அப்ப நீ தாள் ஒட்றவ.”

“ஆமா உம்மா. பி.காம். படிச்சிட்டு தாள் ஒட்றேன்.”

8 செப்டம்பர், சனி

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த ஷைனி கல்யாணமாகிப் போனபோது எனக்கு விட்டுப்போன சீதனம் மானிட்டரில் ஒட்டிய ஒரு துண்டுத்தாள். அதில் இரண்டே கட்டளை. காலையில் கோப்பைத் திறந்தால் ‘இணைப்புகளைப் புதுப்பிக்கவா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று கொடு. மாலை ஐந்தரைக்கு ஒருமுறை புதுப்பித்து சேமித்து வை.

காரணம் இருக்கிறது. ஜெரால்ட் சார் எட்டரைக்குத்தான் வருவார், அதுவரை க்யூ.சி. கம்ப்யூட்டருக்கு உயிர் கிடையாது. காலையில் ‘புதுப்பி’ என்று கொடுத்தால் ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, எல்லாக் கட்டத்திலும் ரெஃப் ரெஃப் என்று பிழை காட்டி அழும். ‘வேண்டாம்’ என்றால் கடைசியாகப் பார்த்ததையே ஞாபகம் வைத்துக் காட்டும். நேற்று மாலை பார்த்தது இன்று காலைக்குப் போதும் என்பது ஷைனியின் கணக்கு. தப்பில்லை.

தாளை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தால் முதல் குரல் எப்போதும் ஆசீர்வாதம் அண்ணனுடையது. கொக்கி மாட்டும் கூட்டத்துக்கு அவர்தான் மூத்தவர். அத்திப்பட்டிலிருந்து வருகிறார். “இன்னா பாப்பா, ரிசல்ட் வந்துடுச்சா? நாங்கலாம் பாஸா?” தினமும் இதே கேள்வி. தினமும் சிரிப்பும் வந்துவிடுகிறது.

13 செப்டம்பர், வியாழன்

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு.

மேனேஜரிடம் நாலு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியாயிற்று. பழவேற்காட்டுக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போய்ச் சேர வேண்டும், நோன்பு திறக்கும் நேரத்தில் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நிற்க என்னால் ஆகாது. “வேலைய முடிச்சிட்டு போ மாஹிரா” என்றார். முடிச்சிட்டுத்தான் போவேன் சார் என்றேன்.

14 செப்டம்பர், வெள்ளி

முதல் நோன்பு நன்றாகப் போயிற்று. கஞ்சியில் உம்மா உப்புப் போட மறந்துவிட்டாள், நோன்போடு ருசி பார்க்க முடியாதாம். வாப்பா இரண்டு கிண்ணம் குடித்தார்.

ஐந்தரை மணிக் காரியத்தைச் செய்யவில்லை. மூன்றரைக்கே செய்து வைத்திருக்கலாம், அதற்குள் வேறு ஒரு பட்டியல் கேட்டு உயிரை வாங்கிவிட்டார்கள். நாளைக்குச் செய்தால் போச்சு. ஒரு நாளில் கம்பி வடத்துக்கு வயசாகிவிடுமா என்ன?

19 செப்டம்பர், புதன்

எங்கள் அறை பிரின்டர் படுத்துவிட்டது. கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, ஷெட்டைத் தாண்டி டெஸ்பாட்ச் அறைக்குப் போய் அச்செடுத்து வருகிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

24 செப்டம்பர், திங்கள்

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்.

26 செப்டம்பர், புதன்

எழுதக் கை வரவில்லை.

27 செப்டம்பர், வியாழன்

ஆசீர்வாதம் அண்ணன் செத்துப்போய்விட்டார்.

நேற்றுக் காலை ஒன்பதே காலுக்கு. நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. இரும்பு விழும் சத்தம் எங்களுக்குப் புதிதில்லை, அதனால் தலைகூட நிமிராமல் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கிரேன் நின்றது. கிரேன் நின்றதும் ஷெட் முழுக்க ஒரு அமைதி. அதைக் கேட்டுத்தான் எழுந்தேன்.

கம்பிக் கட்டு மேலே போய்க்கொண்டிருக்கும்போது ஸ்லிங் அறுந்துவிட்டது. கீழே இருந்த சின்னப் பையன்களைத் தள்ளிவிட்டாராம். தான் விலக நேரமில்லை.

ஸ்லிங்கின் எண் 37.

காலையில் நான் வழக்கம்போலத் தாளை மாட்டினேன். வந்துவிட்டேன்.

28 செப்டம்பர், வெள்ளி

விசாரணை. என் மேசையைச் சுற்றி ஆறு பேர். பாதுகாப்பு அதிகாரி அருணாச்சலம் சார் என் நாற்காலியில் உட்கார்ந்தார். “அன்னிக்கு லிஸ்ட்டு எந்த ஃபைல்?” காட்டினேன். திறந்தார். அது வழக்கம்போலக் கேட்டது. அவர் படிக்கக்கூட இல்லை, முதலில் இருந்த பொத்தானை அழுத்தினார். புதுப்பி. அப்போது மணி பத்து, க்யூ.சி. கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது.

37க்கு நேராக ரிஜெக்ட்.

“தெளிவா ரிஜெக்ட்னு போட்டிருக்கே. பாக்காம எடுத்திருக்கான்” என்றார். சேமித்து மூடினார். ஆறு பேரும் தலையாட்டினார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண் பார்த்ததைச் சொன்னார். ஆனால் நான் மாட்டிய தாளில் அப்படி இல்லையே. இல்லை என்றுதானே ஞாபகம்? நூற்று நாற்பது வரி. தினமும் எல்லாவற்றையுமா படிக்கிறேன்?

ஓடிப்போய் ஸ்டாண்டைப் பார்த்தேன். கிளிப் மட்டும் இருந்தது. அந்தக் களேபரத்தில் தாளை எதையாவது துடைக்க எடுத்தார்களோ, மிதிபட்டதோ, யாருக்கும் தெரியவில்லை. மற்றவர்களைக் கேட்டால், நாங்க அந்த நம்பர பாக்கல என்கிறார்கள்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? ஏன்?

30 செப்டம்பர், ஞாயிறு

நோட்டில் வீலுக்கப்பை எழுதி வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். ஃபார்முலாவின் தப்பாக இருந்துவிடட்டும் யா அல்லாஹ். ஷைனி எழுதிய ஃபார்முலா. அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

அதற்குள் நாலே விஷயம். எதைத் தேட? 37. பின்னால் ஸ்பேஸ் இல்லை, விசாரணைக்குப் பிறகு இரண்டு கோப்பிலும் பார்த்துவிட்டேன். எங்கே தேட? ஜெரால்ட் சார் கோப்பில் இரண்டாம் வரியிலிருந்து 141 வரை. 37 அதற்குள்தான் இருக்கிறது. எத்தனையாவது பத்தி? ஆறு, முடிவு எழுதுவது ஆறாவதில்தான். துல்லியமாகவா, தோராயமாகவா? துல்லியமாக. தோராயம் என்று இருந்திருந்தால் பக்கத்து எண்ணின் பதிலை எடுத்து வந்திருக்கும், நானும் தப்பித்திருப்பேன்.

ஃபார்முலாவில் ஒரு குற்றமும் இல்லை. எங்கே போகச் சொன்னால் அங்கே போகும், என்ன இருக்கிறதோ எடுத்து வரும். போகச் சொன்னால்.

1 அக்டோபர், திங்கள்

ஜெரால்ட் சாரிடம் கேட்டேன், 37ஐ எப்போது சோதித்தீர்கள் என்று. கோப்பைத் திறந்து காட்டினார். 20ஆம் தேதி வியாழக்கிழமை. இழைகள் அறுந்திருக்கின்றன, ரிஜெக்ட்.

“ரிஜெக்ட் ஆனா செவப்பு பெயின்ட் அடிச்சி தனியா எடுத்து வெக்கணுமே சார்?”

“பெயின்ட் தீந்துடுச்சி. வாங்க சொல்லி எழுதிக்கீறேன்.” கொஞ்ச நேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தாள்ல வந்துடும்னு விட்டுட்டேம்மா. வந்துச்சே, அருணாச்சலம் சாரு பாத்தாரே.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார். தெரிந்துகொண்டாரா?

20ஆம் தேதி நான் நாலு மணிக்குக் கிளம்பினேன். 21, 22, 24, 25. எல்லா நாளும் நாலு மணி. 13ஆம் தேதிக்குப் பிறகு ஒருநாள்கூட நான் புதுப்பிக்கவில்லை. காலை காலை ‘வேண்டாம்’, ‘வேண்டாம்’. அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

3 அக்டோபர், புதன்

பையில் டிக்கெட் தேடும்போது பென்டிரைவ் கையில் தட்டுப்பட்டது. பிரின்டர் ரிப்பேரான வாரம் முழுக்க அதில்தானே கொண்டுபோனேன்? கடைசியாகக் கொண்டுபோனது 26ஆம் தேதி. அதற்கப்புறம் தொடவே இல்லை.

பொன்னேரியில் இறங்கி பிரௌசிங் சென்டருக்குப் போனேன். நோன்பு திறக்க முக்கால் மணி நேரம்தான் இருந்தது. கோப்பின் மேல் தேதி: 26-09-2007, காலை 7.48. திறந்தேன். கேட்டது. ‘வேண்டாம்’ கொடுத்தேன்.

37. ஓகே.

அந்தக் கோப்புக்குள் இன்னும் அன்றைக்குக் காலை ஏழு நாற்பத்தெட்டுதான். கிரேன் கிளம்பவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பஸ்ஸிலேயே பாங்கு சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த அம்மா தண்ணீர் கொடுத்தாள். பேரீச்சம்பழம் பையில் இருந்தும் எடுக்கத் தோன்றவில்லை.

4 அக்டோபர், வியாழன்

இன்னொன்று இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

5 அக்டோபர், வெள்ளி

ஷிப்ட் பட்டியலும் என் வேலைதான். டோக்கன் எண்ணைப் போட்டால் டைம் ஆபீஸ் கோப்பிலிருந்து பெயர் வந்து விழும். இன்று திறந்தபோது 218க்கு நேராக ஆசீர்வாதம் என்றே இருந்தது. அவர் வரியை டைம் ஆபீஸில் முந்தாநாளே எடுத்துவிட்டார்கள். நான் புதுப்பிக்காதவரை அவர் என் பட்டியலில் முதல் ஷிப்டில் இருக்கிறார்.

மதியம் வரை அப்படியே வைத்திருந்தேன். பிறகு மேனேஜர் கேட்டார். புதுப்பித்தேன்.

218. என்.ஏ. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

கழிப்பறைக்குப் போய் அழுதேன். இந்த இழவு கம்ப்யூட்டருக்கு மட்டும் எது எப்ப சொல்லணும்னு தெரியாது.

7 அக்டோபர், ஞாயிறு

நேற்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். ‘விபத்துக்குக் காரணம் தொழிலாளி ஆசீர்வாதத்தின் கவனக்குறைவு.’ பட்டியலைப் பார்க்காமல் எடுத்தாராம்.

நான் நாலு மணிக்கு வெளியே வந்தபோது கேட்டில் அவர் மனைவி நின்றிருந்தார். சாராள் அக்கா. கூட ஒரு பெண் பிள்ளை, பத்து வயது இருக்கும். செக்யூரிட்டியிடம் கத்திக்கொண்டிருந்தார். “இருவத்திரெண்டு வருசம் இந்த வேலதான் செஞ்சிக்கினு இருந்தாரு. பாக்காம எடுப்பாரா? குடிச்சிட்டு வந்தாரான்னு கேக்கறாங்களே, எவன் கேட்டது? என் முன்னாடி வந்து கேக்க சொல்லு!”

செக்யூரிட்டி கீழே பார்த்துக்கொண்டு நின்றான். நானும்தான். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. ரயிலுக்கு நேரமாயிற்று என்று நடந்துவிட்டேன். நேரம் இருந்தது.

8 அக்டோபர், திங்கள்

யாரும் இல்லாதபோது பென்டிரைவை என் கம்ப்யூட்டரிலேயே செருகினேன். திறந்தேன். ‘இணைப்புகளைப் புதுப்பிக்கவா?’

ஒரே ஒரு தட்டு. ஓகே, ரிஜெக்ட் ஆகிவிடும். சேமித்துவிட்டால் அன்றைக்கு நான் மாட்டியதும் ரிஜெக்ட்தான் என்று ஆகிவிடும். உலகத்தில் வேறு எங்கும் வேறு மாதிரி இல்லை. என் ஞாபகத்தில் மட்டும்தான், அதையும் நாளடைவில் புதுப்பித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. யாரோ பின்னால் நின்று “கரெக்டா?” என்று கேட்டது போல இருந்தது. திரும்பினேன். யாரும் இல்லை. மின்விசிறிதான்.

பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

9 அக்டோபர், செவ்வாய்

நோன்பின் இருபத்தேழாம் இரவு. வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். பள்ளிவாசலுக்குக் கிளம்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நீ வேணும்னா செஞ்சே? இல்லல்ல? அப்ப நீயா போயி தலைய குடுக்காத. நாளைக்கு போலீசு அது இதுன்னு ஆச்சின்னா உன்ன யாரு கட்டிக்குவான்? போனவரு போயிட்டாரு.”

உம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: “போனவரு போயிட்டாருன்னா, இவ ஏன் ராவெல்லாம் உக்காந்துக்குனு கீறா?”

வாப்பா எழுந்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் கோபம் இல்லை. நானும் இதைத்தானே பத்து நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

10 அக்டோபர், புதன்

எழுதிவிடுகிறேன்.

26ஆம் தேதி நான் தாளை மாட்டும்போது அவர் அங்கேயே நின்றிருந்தார். ரிசல்ட் வந்துடுச்சா என்று கேட்கவில்லை. 37ஐக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இதுல ரெண்டு மூணு கம்பி பிரிஞ்ச மாரி கீதே. தாள்ல இன்னா போட்டுக்கீது?”

விரலை வைத்துக் காட்டினேன். “ஓகேன்னு இருக்குண்ணா.”

“கரெக்டா?”

“கம்ப்யூட்டர்ல வந்ததுண்ணா. அது தப்பா சொல்லாது.”

தலை வலித்தது, தொண்டை காய்ந்திருந்தது, சீக்கிரம் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். வேறு ஒரு காரணமும் இல்லை.

“நீ சொன்னா சரி” என்றார்.

பாக்காம எடுத்தாராம். அவரு பாத்தாரு. கையால தொட்டுப் பாத்தாரு. என்னைக் கேட்டாரு. அவரு கண்ணு சரியாத்தான் சொல்லிச்சு, நான்தான் அத நம்ப வேணாம்னு சொன்னேன்.

14 அக்டோபர், ஞாயிறு

பெருநாள். புதுத் துணி உடுத்திக்கொண்டேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

17 அக்டோபர், புதன்

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து, எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை. நானே போனேன். பென்டிரைவிலிருந்து நேற்றே ஒரு சி.டி.யும் போட்டு வைத்துவிட்டேன், இனி ஒரு தட்டில் எதுவும் போகாது.

உள்ளே அருணாச்சலம் சாரும் இருந்தார். “இன்னாம்மா வேணும்?” என்றார். பென்டிரைவை மேசைமேல் வைத்து, அன்றைக்கு நான் மாட்டியது இதுதான் என்றேன். அவரே வாங்கிச் செருகித் திறந்தார். அது கேட்டது. அவர் கை அதே பொத்தானுக்குப் போனது.

“சார், வேண்டாம்னு குடுங்க!”

இவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று நானே நினைக்கவில்லை. ஆய்வாளர் அவர் கையைப் பிடித்தார். பிறகு தானே ‘வேண்டாம்’ கொடுத்துத் தேடிப் பார்த்தார். 37. ஓகே.

எல்லாவற்றையும் சொன்னேன். ஷைனி காலத்திலிருந்தே காலையில் ‘வேண்டாம்’ கொடுப்போம் என்பது, க்யூ.சி. கம்ப்யூட்டர் எட்டரைக்குத்தான் உயிர் பெறும் என்பது, பெயின்ட் தீர்ந்தது, நான் நாலு மணிக்குப் போனது, ஆசீர்வாதம் அண்ணன் கேட்டது, நான் சொன்ன பதில். அதை மட்டும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆய்வாளர் கேட்டார், “இதை நீயே அப்புறமா மாத்தி எடுத்துட்டு வரலன்னு நான் எப்படி நம்பறது?”

“மாத்தறதா இருந்தா எனக்கு நல்லதா மாத்தியிருப்பேன் சார்.”

அவர் எழுதிக்கொண்டார். அருணாச்சலம் சார் வாசல் வரை வந்து, “உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?” என்றார். மிரட்டலாக இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

18 அக்டோபர், வியாழன்

சஸ்பென்ஷன். கேட்டிலேயே கடிதத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

21 அக்டோபர், ஞாயிறு

அத்திப்பட்டுக்குப் போனேன். வாப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

ஒரு அறை, ஒரு தாழ்வாரம். சுவரில் இயேசு படத்துக்குப் பக்கத்தில் அவர் படம், சின்ன சீரியல் விளக்கு. சாராள் அக்கா என்னைக் கம்பெனி ஆள் என்று நினைத்து நாற்காலி போட்டார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது. நின்றபடியே சொன்னேன்.

“கேட்டாரா?” என்றார் சாராள் அக்கா.

“கேட்டாருக்கா.”

“கம்பி பிரிஞ்சிக்கீதுன்னு சொன்னாரா?”

“சொன்னாரு.”

“நீ நல்லாக்கீதுன்னு சொன்ன.”

“ஆமாக்கா.”

உள்ளே அந்தப் பிள்ளை சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தது. சாராள் அக்கா முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் பிடித்தார். “கேட்டுட்டு எடுய்யான்னு நான்தான் எப்பவும் சொல்லுவேன். நீயா முடிவு பண்ணாத, ஆபீஸ்ல படிச்சவங்க கீறாங்க, அவங்கள கேட்டுட்டு எடுன்னு.” முந்தானையை விட்டுவிட்டு வாசலைக் காட்டினார். “போ. இப்ப போயிடு. நான் எதுனா சொல்லிடுவேன்.”

வந்துவிட்டேன். ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

8 நவம்பர், வியாழன்

தீபாவளி. தெருமுனையில் வெடிக்கும் ஒவ்வொன்றுக்கும் உடம்பு தூக்கிப் போடுகிறது. சத்தத்துக்கு இல்லை. அதற்கப்புறம் வரும் அமைதிக்கு.

30 நவம்பர், வெள்ளி

சில நாள் விழிக்கும்போது மணி சரியாக ஏழு நாற்பத்தெட்டு. கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தேன்.

15 டிசம்பர், சனி

வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகப் பதிவுத் தபால். எதிர்பார்த்ததுதான். கையெழுத்துப் போட்டு வாங்கும்போது தபால்காரர், “ஆர்டரா பாப்பா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

10 பிப்ரவரி 2008, ஞாயிறு

மதியம் கதவைத் தட்டினார்கள். சாராள் அக்கா. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, அத்திப்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, பழவேற்காட்டில் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். உம்மாதான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

கம்பெனியில் கான்டீனில் வேலை கொடுத்திருக்கிறார்களாம், போன மாதத்திலிருந்து. நல்லபடியாகச் சொன்னார். பிறகு பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு தாளை எடுத்தார். கம்பெனியின் திருத்திய விசாரணை அறிக்கை. இங்கிலீஷில் இரண்டு பக்கம்.

“அங்க யாரான்ட குடுத்தாலும் பாதிய முழுங்கிடுவாங்க. நீ முழுசா படிப்பே.”

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தேதி, நேரம், ஷெட், ஸ்லிங்கின் எண். ஷைனி காலத்திலிருந்தே காலையில் ‘வேண்டாம்’ கொடுத்து வந்தது அதில் இல்லை. பெயின்ட் இல்லை. எட்டரைக்கு உயிர் பெறும் கம்ப்யூட்டர் இல்லை. இரண்டாம் பக்கம் நடுவில் அந்த வரி வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அதே வரிதான், ஒரு சொல்கூட மாற்றவில்லை. ஒரு பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பெயரைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படித்தேன். “விபத்துக்குக் காரணம் எழுத்தர் மாஹிராவின் கவனக்குறைவு.”

உம்மா அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள். சாராள் அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரி எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, விரலை அதன்மேல் வைத்திருந்தார்.

“அவரு மேல தப்புன்னு எங்கியும் வரலியே?”

“வரலக்கா. ரெண்டு பக்கத்துலயும் வரல.”

மகளை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “நீயும் கேளு” என்றார் அவளிடம். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னொரு தபா படி.”

படித்தேன்.